மேலே நின்ற கை

1

இதை இடது கையால் தட்டுகிறேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் என்னைத் திட்டுங்கள், கல்முனையில் எனக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார்மாரைத் திட்டாதீர்கள். வலது கை பிளாஸ்டருக்குள் கிடக்கிறது.

லெஸ்டர் நகரில் பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். உறைபனியிலும் இரண்டு மாடி பஸ்ஸைக் கீறல் விழாமல் கொண்டுபோய் நிறுத்துகிற மனிதன், டிப்போவுக்குள் நடந்து போகும்போது விழுந்தேன். தரை ஈரமாக இருக்கிறது, கவனம் என்று ஒரு மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையில் தடக்கித்தான் விழுந்தேன். விழுந்ததற்கு நாலு பக்கப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். எந்தக் கையால் நிரப்புவது என்று கேட்டேன். கை ஏலாதவர்களுக்கு வேறு படிவம் இருக்கிறதாம்.

மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது, தகடு வைத்துத் திருகாணி பூட்ட வேண்டும் என்றார்கள். தேதி கடிதத்தில் வந்தது. பார்த்தவுடன் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாப்பா மவுத்தாகி ஒரு வருடம் நிறையும் நாளுக்கு முந்திய நாள் அது. ஊரில் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டில் அவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓத ஏற்பாடாகியிருந்தது. மனைவி அதற்காகவே போயிருந்தாள். நானும் போயிருக்க வேண்டியவன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு நாள் முழுக்க வீட்டில் பெரிய ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் மான்செஸ்டரில் வேலை செய்யும் மகள் சஹ்லா லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள் கடைசியாக எப்போது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் தங்கினாள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை.

நான் எழுத வந்தது இரண்டு கைகளைப் பற்றி. ஒன்று என்னுடையது. மற்றது வாப்பாவுடையது. வாப்பாவின் கையை யாராவது இறக்கி வைத்தார்களா இல்லையா என்ற ஒரு கேள்வி போன வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது. என்ன கேள்வி இது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். பொறுங்கள்.

2

வாப்பா நாவிதன்வெளிப் பக்கத்தில் ஒரு வயல் வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தவர். வயல் தெரியாத கடைத்தெருப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அந்த வட்டை வயல்காரர்கள் எல்லோரும் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்று பார்ப்பது அவர் வேலை. இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் நடுவில் போய் நிற்பதும் அவர் வேலைதான்.

வாப்பா கத்திப் பேசமாட்டார். வாய்க்கால் கட்டில் நின்றுகொண்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் வாய்க்காலின் அந்தத் தொங்கலில் நிற்கிறவர் துரிசை, அதாவது மடைக் கதவைத் திறப்பார். கை மேலே நிற்கும்வரை தண்ணீர் ஓடும். கையை இறக்கினால் அடைப்பார்கள். அவ்வளவுதான் கதை.

ஒரு நாள் காலையில் கையைத் தூக்கியவர் அப்படியே விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. ஏழு மாதம் ராத்தா வீட்டில் படுக்கையில் கிடந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனாலும் விளங்கும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். என் கை மேலே நிற்கிறது, யாராவது இறக்கி விடுங்கள்.

கை மெத்தையில் கிடந்தது. எல்லோரும் அதைத் தொட்டுக் காட்டினார்கள். ராத்தா ஓதின தண்ணீர் தடவினாள். வாய்க்கால் கட்டில் ஏதோ பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் கதைத்தார்கள். நான் இங்கிருந்து வீடியோவில் பெரிய டொக்டரைப் போல விசாரணை நடத்தினேன்.

"வாப்பா, கை மெத்தையிலதான் கிடக்கு. பாருங்க."

வாப்பா தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"அது என்ட கை இல்ல மகன். அது ஆர்ட கையோ. கொணந்து பக்கத்துல போட்டிரிக்காங்க. என்ட கை மேல நிக்கி."

"மேல ஒண்டும் இல்ல வாப்பா."

"சோருது மகன். தண்ணியும் நிக்காம ஓடுது. இறக்கி விடச் சொல்லு."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "பைத்தியம் மாதிரிக் கதைக்காதீங்க வாப்பா. அந்தக் கைய அசைச்சுப் பழகுங்க. இப்பிடிக் கதைச்சிக்கிட்டுக் கிடந்தா மறுகா ஒழும்பவே மாட்டீங்க" என்றேன். ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எரிச்சல் வேறு. அதற்குப் பிறகு அவர் என்னிடம் கையைப் பற்றிக் கதைக்கவில்லை. மற்றவர்களிடம் கதைத்தாராம். எனக்கு மட்டும், "நல்லா இரிக்கன் மகன்" என்று சொல்வார்.

அவர் மவுத்தான செய்தி எனக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். நம்மவர்கள் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. நான் பஸ்ஸை டிப்போவில் விட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது அங்கே அடக்கி முடித்துவிட்டார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

3

ஆஸ்பத்திரியில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்பது பேர் கேட்டார்கள். நான் எண்ணினேன். எந்தக் கை என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். தோளில் பேனாவால் அம்புக்குறி வரைந்தார்கள். உடைந்த கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது, இதற்குமா அம்புக்குறி என்று சஹ்லாவிடம் சொன்னேன். பிழையான கையில் ஊசி போட்ட கதைகள் உண்டு, சும்மா இருங்கள் என்று ஆங்கிலத்தில் அதட்டினாள்.

எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்று சொல்லியும் கேட்காமல் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். சென்னைப் பக்கத்துத் தங்கச்சி. அவர் பேசிய தமிழை விளங்கிக்கொள்ள நான் டொக்டரின் இங்கிலீஸைக் கவனித்தேன். விசயம் இதுதான். நான் உறக்கத்தில் மூச்சு அடைபடுகிற ஆள். முழு மயக்கம் தருவதைவிட, அக்குளில் ஊசி போட்டு, கைக்குப் போகும் நரம்புகளை மட்டும் விறைக்கப் பண்ணுவது நல்லது. கண் விழித்துக்கொண்டே இருக்கலாம். விறைப்பு அரை நாளுக்கு மேல், சிலருக்கு ஒரு நாள் வரைக்கும் நிற்கும். அதனால் பிறகும் வலி இராது.

விறைப்பூசி போடும் டொக்டர் உயரமான பெண்மணி. நல்ல பொறுமை. என் வலது கையைத் தூக்கி, முழங்கையை மடித்து, தலைக்குப் பக்கத்தில் தலையணையில் வைத்தார். குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை அக்குளில் வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. சின்னச் சின்னத் தேனடை மாதிரித் தெரிகிறதே, அவைதான் நரம்புகள் என்று காட்டினார். ஊசி போனது. விரல்களில் சூடு பரவியது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு கை பாரமானது. குளிர்ந்த மருந்தொன்றைத் தெளித்து, குளிர்கிறதா என்று கேட்டார். கன்னத்தில் தெளித்தபோது துள்ளினேன். கையில் தெளித்தது எனக்குத் தெரியவே இல்லை.

தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். என் கை தலைக்குப் பக்கத்தில் மேலே இருந்தது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மடிந்த முழங்கை, காதுக்கு மேலே விரல்கள், எல்லாம் தெரிந்தது. அந்த நேரம் தாதி ஒருத்தி யாருடையதோ ஒரு கையை என் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். விரல்கள் தொங்கின. மண்ணிறத் தண்ணீரால் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை அதைக் கழுவினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மய்யித்துக் குளிப்பாட்டும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். ஒரு கை எப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையின் சுண்டுவிரல் வாப்பாவின் சுண்டுவிரல் மாதிரி உள்ளே வளைந்திருந்தது.

"இது ஆர்ட கை?" என்று கேட்டேன்.

தமிழில் கேட்டிருக்கிறேன். நான் ஏதோ ஓதுகிறேன் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக மௌனமானார்கள். விறைப்பூசி டொக்டர் மட்டும் குனிந்து, சரியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இந்தக் கை யாருடையது என்று இங்கிலீஸில் கேட்டேன். "உங்களுடையதுதான்" என்றார். "இல்லை, என் கை மேலே இருக்கிறது" என்றேன்.

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. அது வாப்பாவின் வார்த்தை.

4

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். பிளாஸ்டர் போட்ட கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் நெஞ்சோடு கட்டிக் கிடந்தது. என் கை காதுக்குப் பக்கத்தில் மேலே நின்றது. கதவால் நுழையும்போது இடிபடாமல் இருக்கத் தலையைச் சாய்த்தேன். சஹ்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அசர் தொழ நின்றேன். தக்பீர் கட்ட இடது கையைக் காது வரைக்கும் உயர்த்தினேன். வலது கை எனக்கு முன்பே அங்கே போய் நின்றது. இடது கையை இறக்கி நெஞ்சில் வைத்தேன். வலது இறங்கவில்லை. குனிந்தபோதும் நிமிர்ந்தபோதும் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்தபோதும் அது மேலேயே நின்றது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தொழுகையில் பயந்தேன்.

மாத்திரைகளை விறைப்பு விடும் முன்பே நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், இல்லையென்றால் வலி ஒரேயடியாக வந்து அடிக்குமாம். சஹ்லா போனில் மணி வைத்து, மணி அடிக்கிற நேரத்தில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து தந்தாள். வேறு கதை எங்களுக்குள் வரவில்லை. அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். எனக்கோ முக்கியமான எதையும் ஆங்கிலத்தில் சொல்ல வராது. இப்படித்தான் பத்து வருடமாக ஓடுகிறது.

அடுத்த நாள் விடிந்தும் விறைப்பு விடவில்லை. விரல்கள் அசையவில்லை. அங்கே கத்தத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். தொட்டில் கழன்றிருக்க வேண்டும். முகத்தில் ஏதோ அடித்தது. விழித்தால், ஒரு கை. பாரமான, சூடான, மற்றொரு மனிதனின் கை என் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கிடந்தது. பிடித்துத் தள்ளினேன். மறுபடி வந்து விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் சஹ்லா மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"வாப்பா! வாப்பா, அது உங்கட கைதான்!"

அவள் தமிழில் கத்தினாள். நான் வாப்பாவிடம் சொன்னதும் இதைத்தான். அப்படிச் சொல்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது என் கை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

5

சொல்லி வைத்தாற்போல் ஆஸ்பத்திரித் தாதி நலம் விசாரிக்க போன் எடுத்தாள். முதலில் பெயர், பிறந்த தேதி. பிறகு வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்றாள். வலி பூச்சியம், கை மேலே நிற்கிறது என்றேன். விரல் நுனியின் நிறத்தைப் பார்க்கச் சொன்னாள், பிளாஸ்டர் இறுக்கமா என்று கேட்டாள். எல்லாம் சரி. ஊசி போட்டது நேற்று மத்தியானம்தானே, இன்னும் சில மணித்தியாலம் பொறுங்கள், இருட்டுவதற்குள் விடவில்லையென்றால் உடனே வாருங்கள் என்றாள். பிறகு பூனைக்குட்டியைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மேலே நிற்கிற மாதிரி இருப்பது நிறையப் பேருக்கு வரும். விறைக்கும் நேரம் கை எந்த இடத்தில் இருந்ததோ அதையே மூளை பிடித்துக்கொண்டிருக்கிறது. யாரையாவது அந்தக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேலே நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். பலருக்குச் சரி வரும்."

சஹ்லா என் கையைத் தூக்கினாள். இரண்டு கையாலும், ஒரு குழந்தையைத் தூக்குவது மாதிரி. "இன்னும் மேல," என்றேன். "இன்னும் கொஞ்சம் பின்னால." காதுக்குப் பக்கத்தில் வந்ததும், கண்ணுக்குத் தெரிந்த கையும் எனக்குத் தெரிந்த கையும் ஒன்றுக்குள் ஒன்று போனது.  "இப்ப இறக்கு. மெதுவா," என்றேன். இறக்கினாள். கூடவே இறங்கியது. மடியில் வந்து கிடந்தது. ஒரு நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்த பாரம் தோளிலிருந்து போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தத் தாதி இன்னும் போனில் இருந்தாள். பாரிசவாதம் வந்தவர்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும் என்றாள். அவர்களுக்கும் இப்படி இறக்கினால் சரி வருமா என்றேன். அது மூளையில் வந்த அடி, இது ஊசி, இரண்டும் ஒன்றல்ல, நான் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றாள்.

சரி வந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் ஏழு மாதத்தில் ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லையே. நான் ஒரு நாளில் பயந்து செத்தேன். அந்த மனிதன் ஏழு மாதம் கையைத் தூக்கிக்கொண்டு கிடந்து, தண்ணீர் ஓடுகிறதே ஓடுகிறதே என்று பதறியிருக்கிறார். நான் பைத்தியம் என்றேன். கையை மேலேயே வைத்துக்கொண்டு கபுருக்குள் போய்விட்டாரா? சஹ்லாவுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். ஏன் என்று கேட்டாள். தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "ராத்தா மாமிக்கு போன் எடுங்க," என்றாள்.

6

ஊரில் கத்தம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பாத்திரச் சத்தம் கேட்டது. "கையத் தூக்கி இறக்கிப் பாத்தீங்களா ராத்தா, ஒருக்காவாவது?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. கை கீழதானே கிடந்திச்சு. அத என்னெண்டு இறக்குற?" என்றாள்.  "கடைசி நாளும் அதத்தான் சொன்னாங்க. நான் ஓம் வாப்பா, ஓம் வாப்பா எண்டு இரிந்துட்டன்."

ராத்தாவின் மாப்பிள்ளையிடம், என் மச்சானிடம், போனைக் கொடுக்கச் சொன்னேன். வாப்பாவைக் குளிப்பாட்டியது அவரும் பள்ளிவாசல் லெவ்வையும்தான்.

"மச்சான், குளிப்பாட்டக்குள்ள வாப்பாட வலக் கை எப்பிடி இரிந்திச்சு?"

 "அதெல்லாம் கேக்கப்படாது மச்சான். குளிப்பாட்டின இடத்துல கண்டது அந்தத் தண்ணியோட போகணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். நான் குளிப்பாட்டிய ஒருவரைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை. ஆனாலும் விடவில்லை. ஊசியைச் சொன்னேன், தொழுகையைச் சொன்னேன், முகத்தில் விழுந்த கையைச் சொன்னேன், சஹ்லா இறக்கியதைச் சொன்னேன். எனக்குத் தெரியாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"பொறு," என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் தூரமானது. கேற்றைத் திறந்து வெளியே ஒழுங்கைக்கு வந்திருக்க வேண்டும். கடல் இரைவது எனக்குக் கேட்டது.

"வலப் பக்கத்தாலதானே தொடங்குற. அந்தக் கைய நான்தான் புடிச்ச. ஏழு மாசமா மடங்கி இறுகிக் கிடந்த கை, அண்டைக்கி லேசா நீண்டு குடுத்திச்சு. தலைக்கு மேல தூக்கிப் புடிச்சன். லெவ்வை அக்குள் வரைக்கும் தண்ணி ஊத்தினார். மூணு தரம்."

"தலைக்கு மேலயா?"

"ஓம். வாய்க்கால் கட்டுல நிண்டு காட்டுவாங்களே, அந்தளவு."

"மறுகா?"

"மறுகா இறக்கின."

"சட்டெண்டு விட்டீங்களா, மெதுவாவா?"

"என்ன கேள்விடா இது? மாமாட கையடா. மெதுவாத்தான் கொண்டுவந்து இடுப்போட சேத்து வெச்ச."  பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெச்ச நேரம் ஒரு மூச்சு வந்திச்சு மச்சான். நீளமா. வேல முடிஞ்சி வந்து குந்தின மனிசன் விடுற மாதிரி. நான் பயந்து பின்னால போயிட்டன். மய்யித்த அசைக்கக்குள்ள உள்ளுக்கிரிக்கிற காத்து அப்பிடி வாறதுதான், பேசாம ஊத்து எண்டு லெவ்வை சொன்னார். ரெண்டு பேரும் இண்டைக்கி வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உன்ட ராத்தாக்கும் தெரியாது. நீயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். போனை வைக்கும்போது என் பெருவிரலில் முதல் வலி தொடங்கியது.

நாலு நாள் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மச்சான் ஏசுவார், ஏசட்டும். ஊரில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் பாரிசவாதத்தில் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் தன் கை மேலே நிற்கிறது என்று சொன்னால், அவரோடு வாதாடாதீர்கள். அந்தக் கையைத் தூக்கி, அவருக்குக் காட்டி, மெதுவாக இறக்கி வையுங்கள். உயிர் இருக்கும்போதே செய்யுங்கள்.